பழைய போலாரிஸ் இண்டிக்கு முன் சஸ்பென்ஷன் கிட்: காசுக்குத் தேறுமா?

முப்பது வருடம் ஓடிய ஸ்னோமொபைல் (முன்னே ஸ்கீ, பின்னே ரப்பர் டிராக் கொண்ட பனி வண்டி) ஒன்றை மலிவாக வாங்கியவர்கள் அடுத்து வாங்குவது பெரும்பாலும் இந்தக் கிட்டைத்தான். மினசோட்டாவின் ரோசோவில் பிறந்த போலாரிஸ், 1980 முதல் இண்டி வண்டிகளில் கொடுத்த டிரெய்லிங் ஆர்ம் (ஸ்கீயைத் தாங்கும் நீளக் கை) முன் சஸ்பென்ஷனுக்கான உதிரிகள் பல பெயர்களில் விற்கின்றன. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே: ராட் எண்ட்கள் (தண்டின் முனையில் திருகும் உருள் மூட்டுகள்), அவற்றை அசையாமல் பிடிக்கும் லாக் நட்டுகள், ஸ்பிண்டில் (ஸ்கீயைத் திருப்பும் நிலைத்தண்டு) குழாய்க்கான பிளாஸ்டிக் புஷ்கள். புதிதாக ஸ்பானர் பிடிப்பவர் ஒரு சனி ஞாயிறில் முடிக்கக்கூடிய வேலைதான். ஆனால் கிட் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

முதலில் சோதனை. முன்பகுதியைத் தூக்கி, பல்க்ஹெட்டுக்கு (வண்டியின் முன் சட்டகம்) அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஒருவர் ஹேண்டில்பாரை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் ஸ்கீயின் நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்ட வேண்டும். ஸ்பிண்டில் குழாய்க்குள் ஆடினால் புஷ் போயிற்று. ரேடியஸ் ராடின் (ஆர்மை வண்டி உடலோடு இணைக்கும் குறுக்குத் தண்டு) முனையில் டக் டக் என்றால் ராட் எண்ட். ஆட்டமே இல்லை, ஆனால் இறுகிய பனியில் வண்டி தானாக இடமும் வலமும் இழுக்கிறது என்றால் இந்தக் கிட் உதவாது. அது முன்னே போன வண்டிகளின் தடத்தை ஸ்கீக்கு அடியிலுள்ள கார்பைடு (பனியைக் கடிக்கும் கடின உலோக விளிம்பு) பிடித்துக்கொண்டு போவது. தேய்ந்த கார்பைடு, கோணலான டோ (இரு ஸ்கீகளும் முன்னோக்கிப் பார்க்கும் கோணம்), நைந்துபோன ஸ்கீ ரப்பர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்தக் கிட்டைப் பற்றி வரும் புகார்களில் பல, இதையெல்லாம் பார்க்காமல் வாங்கியதால் வருபவை.

கிட்டில் இல்லாதவைதான் நேரத்தைத் தின்னும். போல்ட்டுகள் இல்லை, புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்பு ஸ்லீவ்கள் இல்லை, போல்ட்டுகளுக்கான, நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டுகள் பல கிட்களில் போதாது. பழைய போல்ட் ஸ்லீவோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முந்தின இரவே ஊடுருவும் எண்ணெய் அடித்து வையுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் ஸ்லீவைச் சூடாக்குங்கள். பெட்ரோல் டேங்கும் பெல்லி பேனும் (வண்டியின் அடித்தட்டு) பக்கத்தில் இருப்பதை மறந்துவிட வேண்டாம். போல்ட்டை நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கும். பழைய நட்டு ஒன்றை முனையில் திருகி வைத்து, அதன் மேல் அடியுங்கள். நைலான் நட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது, அதுவும் ஸ்டியரிங்கில் கூடவே கூடாது.

ஸ்பிண்டிலைக் கழற்றும்போது மேலே உள்ள ஸ்டியரிங் ஆர்ம் பற்கள் மேல் உட்கார்ந்திருக்கும். ஆர்மிலும் ஸ்பிண்டிலிலும் ஒரு சேர சென்டர் பஞ்ச் (புள்ளி குத்தும் இரும்பு உளி) வைத்துப் புள்ளி குத்திக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளிப் போட்டால் ஸ்கீ ஒரு பக்கம் பார்க்கும், டை ராடை (ஸ்டியரிங்கை ஸ்பிண்டிலோடு இணைக்கும் தண்டு) எவ்வளவு திருகினாலும் இரு பக்கமும் ஒன்றாகத் திரும்பாது. வாஷர்களின் வரிசையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புதிய புஷ் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் குழாய்க்குள் மிச்சமிருக்கும் துருதான் காரணம். புஷ்ஷைச் சுரண்ட வேண்டாம். குழாயை மணல் தாளால் சுத்தமாக்கி, மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்குங்கள்.

ராட் எண்ட்களே இந்தக் கிட்டின் நல்ல பாகம். பழையதைத் திருகி எடுக்கும் முன் துளை நடுவிலிருந்து துளை நடு வரை அளந்து, டேப்பில் எழுதி ராடிலேயே ஒட்டுங்கள். அங்குலத்துக்கு 20 மரை என்றால் ஒரு முழுச் சுற்று 1.27 மி.மீ.; மேல் ரேடியஸ் ராடில் அது கேம்பரை (ஸ்கீ உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) மாற்றிவிடும். டை ராடில் ஒரு முனை இடது மரையாக (எதிர்த்திசையில் திருகுவது) இருக்கலாம், வராத பக்கம் பலத்தைக் காட்டாதீர்கள். விட்டத்தின் ஒன்றரை மடங்காவது மரை உள்ளே இருக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ராட் எண்டும் சேர்ந்து சுழன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அப்படியே விட்டால் சஸ்பென்ஷன் அமுங்கும்போது ராட் எண்ட் இடித்து வளையும், நாளடைவில் முறியும். ஷாக்கை (ஷாக் அப்சார்பர்) மாட்டும் முன் ஆர்மைக் கையால் மேலும் கீழும் முழுதாக ஓட்டிப் பாருங்கள், எங்கும் தட்டக் கூடாது.

ஷாக்குக்கு இந்தக் கிட்டில் எதுவும் கிடையாது. தண்டில் எண்ணெய் ஈரம், அழுத்தும்போது நடுவில் வெறுமை இருந்தால் ஷாக் முடிந்தது. நைட்ரஜன் அடைத்த வகையைத் திறக்காமல் ஷாக் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் டோ. வண்டியைத் தரையில் இறக்கி நாலைந்து முறை அமுக்கிவிட்டு, ஹேண்டில்பாரை நேராக்குங்கள். டிராக்கின் பக்கவாட்டில் நீள நேர்க்கம்பி வைத்து ஒவ்வொரு ஸ்கீயையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். ஸ்கீ போல்ட்டுக்கு 10 அங்குலம் முன்னும் 10 அங்குலம் பின்னும் அளந்தால், இரு ஸ்கீகளுக்கும் இடையிலான முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட மொத்தமாக 1/8 முதல் 1/4 அங்குலம் அதிகமாக இருக்க வேண்டும். முன்பக்கம் குறைந்தால் வண்டி நேராகப் போகாது.

தேய்ந்த வண்டிக்கு வாங்கலாம், போல்ட்டுகளையும் ஸ்லீவ்களையும் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் லாக் நட்டுகளை மறுபடி பாருங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில் குளிருக்கான கிரீஸை, பழைய கிரீஸும் தண்ணீரும் பிதுங்கி வரும்வரை அடியுங்கள்.