1 ஜிபி ரேம் போட்ட பின் 'நினைவகம் போதவில்லை' என்ற விண்டோஸ் 98

விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன் ஓடும் தம் கணினியில் நாள்தோறும் 'நினைவகம் போதவில்லை' என்ற அறிவிப்பு வருவதாகவும், இருக்கும் 256 எம்பி ரேமை 1 ஜிபியாக உயர்த்தினால் அது தீருமா என்றும் நண்பர் ஒருவர் கடந்த வாரம் கேட்டார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கான காரணத்தைத் தொலைபேசியில் விளக்கி முடிக்க இயலவில்லை. அதே தவறான மருந்தை என் கணினிக்குக் கொடுத்து, இரண்டு வாரங்களை இழந்து கற்றுக்கொண்ட விவரம் என்பதால் முழுமையாகவே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இந்த இயங்குதளம் இன்னும் இருப்பதற்குக் காரணம் ஒரு ஃபிலிம் ஸ்கேனர். அதனோடு வந்த இன்டர்ஃபேஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் 98 உடன் நின்றுவிட்டது. பின்னர் வந்த பதிப்புகளில் அதை இயக்க நான் எடுத்த முயற்சிகள் எவையும் பலிக்கவில்லை. பழைய நெகட்டிவ்களின் நிழற்பகுதியை அந்த ஸ்கேனர் பிடிக்கும் நேர்த்தி வேறு கருவிகளில் எனக்குக் கிடைக்காததால், 128 எம்பி ரேமுடன் அந்தக் கணினியைப் பல ஆண்டுகளாகக் காத்து வந்தேன். சென்ற ஆண்டு மதர்போர்டின் கபாசிட்டர்கள் உப்பிவிட்டன. பழுது பார்த்தவர் சற்றுப் பிந்தைய காலத்துப் போர்டு ஒன்றைப் பொருத்தினார். பழைய ரேம் அதன் ஸ்லாட்டில் நுழையாததால் 512 எம்பி ரேம் இரண்டைப் போட்டுக் கொடுத்தார். அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார், நானும் மகிழ்ச்சியோடுதான் வாங்கி வந்தேன்.

அன்று மாலையே தொல்லை தொடங்கிவிட்டது. கணினி ஒருமுறை ஒழுங்காக எழும். மறுமுறை நீலத் திரையில் நிற்கும். எழுந்த பிறகு, கட்டளைகளைத் தட்டச்சிடும் டாஸ் சாளரத்தைத் திறந்தால், இந்த நிரலை இயக்கப் போதுமான நினைவகம் இல்லை, திறந்திருக்கும் நிரல்களில் ஒன்றிரண்டை மூடிவிட்டு மீண்டும் முயலவும் என்று அறிவிக்கும். மூடுவதற்கு அங்கே எந்த நிரலும் திறந்திருக்கவில்லை. இருந்தாலும் அறிவிப்பை நம்பினேன். தொடக்கத்தில் தானாக ஓடுபவற்றை எல்லாம் நிறுத்தினேன்; கணினி தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் ஆகிய கோப்புகளில் இருந்த வரிகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். ஸ்கேனரின் டிரைவரைக்கூட எடுத்துவிட்டுப் பார்த்தேன். எதிலும் பயன் இல்லை.

அடுத்து ரேம்மீது சந்தேகம் வந்தது. ஒரு ரேமைக் கழற்றினால் கணினி குறையின்றி ஓடியது. அதைப் போட்டு மற்றதைக் கழற்றினாலும் அப்படியே ஓடியது. இரண்டையும் சேர்த்தால் மட்டும் சிக்கல் திரும்பியது. ஸ்லாட் பழுதாக இருக்கலாம் என்று எண்ணி, இரண்டையும் பொருத்தியே ஓர் இரவு முழுவதும் மெம்டெஸ்ட்86 சோதனையை ஓடவிட்டேன். காலையில் ஒரு பிழைகூட இல்லை. இயங்குதளத்தின் துணையின்றி ஃபிளாப்பியிலிருந்தே ஓடும் அந்தச் சோதனை 1 ஜிபியையும் நல்லதென்று சொல்ல, விண்டோஸ் மட்டும் போதவில்லை என்று சொன்னபோதுதான், குறை ரேமில் இல்லை, அதைக் கணக்கிடும் முறையில் இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

காரணம் இதுதான். நினைவகத்தின் ஒவ்வோர் இடத்தையும் குறிக்கும் எண்ணே முகவரி. 32 பிட் இயங்குதளத்தால் மொத்தம் 4 ஜிபி முகவரிகளைத்தான் சுட்ட முடியும். அவற்றில் மேலிருக்கும் 1 ஜிபி முகவரிகளை, அதாவது 3 ஜிபிக்கும் 4 ஜிபிக்கும் இடைப்பட்ட பகுதியை, விண்டோஸ் 98 தன் உட்கருவுக்கும் டிரைவர்களுக்கும் பொதுவாக ஒதுக்கி வைக்கிறது. ஹார்ட் டிஸ்கிலிருந்து படித்தவற்றைத் தற்காலிகமாகச் சேமிக்கும் வீகேஷ் என்னும் டிரைவரும் அதே பகுதியில்தான் இடம் பிடிக்கிறது. அது கணினி தொடங்கும்போதே ரேம் எவ்வளவு என்று பார்த்து, தன் சேமிப்பு எந்த உச்ச அளவுவரை வளரக்கூடுமோ அந்த அளவுக்கான முகவரிகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. ரேம் கூடக் கூட அது பிடிக்கும் பங்கும் கூடுகிறது. ஏஜிபி வகை கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், அப்பர்ச்சர் எனப்படும் அதற்கான முகவரித் தொகுதியும் அங்கேயே வந்து அமர்கிறது. வீகேஷ் 800 எம்பியையும் அப்பர்ச்சர் 128 எம்பியையும் பிடித்துவிட்டால் மற்ற அனைத்துக்கும் எஞ்சுவது 96 எம்பி மட்டுமே. டாஸ் சாளரம் ஒன்று திறக்க வேண்டுமானாலும் அந்தப் பகுதியில்தான் அதற்கும் இடம் வேண்டும். மனை காலியாகக் கிடக்கிறது, கொடுப்பதற்குக் கதவு எண்தான் இல்லை என்ற நிலை அது.

தீர்வு சிறியது. சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் வீகேஷ் என்ற தலைப்பின் கீழ் மேக்ஸ்ஃபைல்கேஷ் (MaxFileCache) என்ற வரியைச் சேர்த்து, அதன் மதிப்பைக் கிலோபைட்டில் எழுத வேண்டும். 524288 என்று எழுதினால் 512 எம்பி. அதற்கு மேல் போகக் கூடாது. நான் 262144 என்று எழுதி 256 எம்பியில் நிறுத்தினேன். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஏஜிபி அப்பர்ச்சரை 64 எம்பியாகக் குறைத்தேன். இந்த இரண்டையும் செய்த அன்றே டாஸ் சாளரம் திறந்தது. ஆனால் தொடக்கத்தில் எப்போதாவது தொங்கும் பழக்கம் மட்டும் மறையவில்லை. ஆகவே அதே கோப்பின் 386Enh பகுதியில் மேக்ஸ்ஃபிஸ்பேஜ் (MaxPhysPage) என்ற வரியையும் சேர்த்து, விண்டோஸ் காணும் மொத்த ரேமையே 512 எம்பியாகக் கட்டுப்படுத்தினேன். இதில் ஒரு கவனம் தேவை. அந்த எண் நினைவகப் பக்கங்களின் எண்ணிக்கை. ஒரு பக்கம் 4 கேபி. எழுதுவது பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) முறையில். 512 எம்பிக்கு 20000 என்று எழுத வேண்டும். நான் முதலில் பதின்ம முறையில் 131072 என்று எழுதியதால் வரம்பு 4 ஜிபியையும் தாண்டிப் போய், எந்த மாற்றமும் ஏற்படாமல் ஒரு மாலைப் பொழுது வீணாயிற்று. விண்டோஸ் எழவே மறுக்கும் நிலையில் இருப்பவர்கள், தொடக்கத்தில் எஃப்8 விசையை அழுத்தி கட்டளைத் திரைக்குச் சென்று, எடிட் கட்டளை மூலம் இதே கோப்பைத் திருத்தலாம்.

இவ்வளவும் செய்த பிறகு, பணம் கொடுத்து வாங்கிய 1 ஜிபியில் பாதியை விண்டோஸ் தொடுவதே இல்லை. அந்த இரண்டாவது ரேமைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

நியாயமாகப் பார்த்தால் இந்த வரம்புக்காக 98ஐக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 16 எம்பி ரேம் போதும் என்ற குறைந்தபட்சத் தேவையோடு 1998இல் வெளிவந்த இயங்குதளம் அது. வீட்டுக் கணினியில் 1 ஜிபி என்பது அன்று எவர் கணக்கிலும் இல்லை. என் கோபமெல்லாம் அந்த அறிவிப்பின் மீதுதான். ரேம் உண்மையிலேயே தீர்ந்தாலும், முகவரிகள் தீர்ந்தாலும், மூன்றாவதாக இனிச் சொல்லப்போகும் ஒன்று தீர்ந்தாலும், இந்த இயங்குதளம் பயனரிடம் சொல்வது நினைவகம் போதவில்லை என்ற ஒரே செய்தியைத்தான். மூன்று வெவ்வேறு நோய்களுக்கு ஒரே பெயரைச் சொன்னால் நோயாளி எந்த மருந்தைத் தேடுவார்? எது தீர்ந்தது என்று ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தால், எத்தனையோ பேர் தேவையில்லாமல் ரேம் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அந்த மூன்றாவது, சிஸ்டம் ரிசோர்சஸ். நண்பரின் தொல்லைக்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சாளரங்களைக் கவனிக்கும் யூசர் பகுதிக்கும், திரையில் வரையும் ஜிடிஐ பகுதிக்கும் 64 கேபி அளவுள்ள சிறிய நினைவுக் குவியல்கள் உள்ளன. பழைய 16 பிட் நிரல்கள் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காகவே அவை அந்த அளவில் விடப்பட்டன. கணினியில் 32 எம்பி இருந்தாலும் 512 எம்பி இருந்தாலும் அந்த 64 கேபி வளர்வதில்லை. திறக்கும் ஒவ்வொரு நிரலும் அதில் ஒரு துளியை எடுத்துக்கொள்கிறது. ஒழுங்காக எழுதப்படாத நிரல் எடுத்ததைத் திருப்பித் தராமலே மூடிக்கொள்கிறது. என் ஸ்கேனரின் நிரல் அந்த வகையைச் சேர்ந்தது. காலையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இருப்பு, ஒரு சுருள் ஃபிலிமை முடிப்பதற்குள் பாதிக்கு இறங்கிவிடும்; நிரலை மூடினாலும் முழுமையாக மீளாது. 20 விழுக்காட்டை நெருங்கும்போது ஐகான்கள் கறுத்து, மெனுக்களில் எழுத்துகள் காணாமல் போகத் தொடங்கும். அதன் பிறகு ரீபூட் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. இந்தக் குறையை எந்தக் கோப்பின் எந்த வரியாலும் என்னால் நீக்க முடியவில்லை. இரண்டு சுருளுக்கு ஒருமுறை ரீபூட் என்று வழக்கமாக்கிக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், பாதி வேலையில் அந்த எண் இறங்குவதைப் பார்க்கும்போது எரிச்சல் வராமல் இல்லை.

இருந்தாலும், வரம்புகளைச் சரியாக அமைத்த பின் கடந்த மூன்று மாதங்களில் ஒருமுறைகூட நீலத் திரை வரவில்லை என்பதைச் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. விசையை அழுத்திய அரை நிமிடத்துக்குள் வேலைக்குத் தயாராகிறது. பெரிய படக் கோப்பை இரண்டாம் முறை திறக்கும்போது ஹார்ட் டிஸ்கின் சத்தமே கேட்பதில்லை. 256 எம்பியோடு நிறுத்தப்பட்ட அதே வீகேஷ் தன் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்கிறது. இயங்குதளம் நான் கேட்காத எதையும் செய்வதில்லை என்பது எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது.

அப்படியிருந்தும் என்னிடம் கேட்பவர்களுக்கு, 98ஐ மட்டுமே ஏற்கும் கருவி ஒன்று கையில் இல்லாதவரை, இதைப் புதிதாக எந்தக் கணினியிலும் நிறுவ வேண்டாம் என்றே சொல்வேன். அதற்கான ஆதரவு 2006 ஜூலை 11ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பவை எல்லாம் நம் பொறுமையைக் கேட்கும் வேலைகள்.

நண்பருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்றுதான். ரேம் வாங்குவதற்கு முன், மை கம்ப்யூட்டரை வலச்சொடுக்கி, ப்ராப்பர்டீஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, சிஸ்டம் ரிசோர்சஸ் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். காலையில் ஒருமுறையும் அந்த அறிவிப்பு வந்தவுடன் ஒருமுறையும் பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டாவது எண் 20க்குக் கீழே இருந்தால் ரேம் வாங்க வேண்டாம். மூடிய பிறகும் அந்த எண்ணை ஏறவிடாத நிரல் எது என்று கண்டுபிடித்து அதன் பெயரை எனக்குச் சொல்லுங்கள்.