கோட்டிங் போதுமா, மாற்ற வேண்டுமா? தண்டையார்பேட்டையில் இரண்டு கூரைகள், எட்டு வருடம்

வட சென்னையில் டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் கட்டிடம். முன்பக்கம் கான்கிரீட் தளம் போட்ட ஒரு மாடிக் கட்டிடம். கீழே என் அலுவலகம், மேலே ஒரு கிளியரிங் ஏஜென்ட் வாடகைக்கு இருக்கிறார். பின்பக்கம் ஷீட் போட்ட குடோன். கடல் நடக்கிற தூரம். தொழில் அட்டைப் பெட்டி.

கூரை ஒழுகினால் பக்கத்து லேத் பட்டறைக்காரர் கீழே ஒரு வாளி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். எனக்கு அது முடியாது. அடுக்கின் உச்சியில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், அட்டை உறிஞ்சி உறிஞ்சிக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். மறுநாள் கட்டைப் பிரித்தால் ஸ்டார்ச் பசை விட்டு மூன்று தாளும் மூன்று திசையில் நிற்கும். ஆகவே கூரைக்கு நான் பார்த்த அளவு வைத்தியம் இந்தத் தெருவில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் பாதி தப்பான வைத்தியம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோதுதான் ஆரம்பம். குடோனில் ஏழெட்டு ஷீட் போயிற்று. முன்பக்கத் தளம் அன்றைக்குத் தாக்குப் பிடித்தது. ஆனால் பொங்கலுக்குள் மாடி அறையின் சீலிங்கில் தேநீர் கொட்டிய நிறத்தில் ஒரு வட்டம், அதன் நடுவில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு கம்பி. வாடகைக்காரர் போனில் படம் எடுத்து அனுப்பினார், கூடவே மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்ற கேள்வியும்.

முதலில் கான்கிரீட் தளத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா 1988இல் கட்டியது. ஸ்லாபின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட வெதரிங் கோர்ஸ் (ஸ்லாபைக் காக்கும் அடுக்கு), அதன் மேல் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் தட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அந்தத் தளம் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரு சொட்டு விடவில்லை. 

2017 ஏப்ரலில் இரண்டு பேரிடம் விலை கேட்டேன். வெள்ளை அக்ரிலிக் கோட்டிங், நடுவில் ஃபைபர் வலை, இரண்டு கை, ஏழு வருட கேரண்டி: சதுர அடிக்கு 42 ரூபாய். பழைய ஜல்லிச் சுண்ணாம்பை ஸ்லாப் வரை பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட 150. தளம் 1,800 சதுர அடி. எழுபத்தைந்தாயிரத்துக்கும் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் நடுவில் யாருக்குக் குழப்பம் வரும்? மூன்றாவதாக ஒருவர், எதையும் பெயர்க்க வேண்டாம், பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு பதித்துவிடலாம் என்றார். அவரை மட்டும் கணக்குப் போட்டே அனுப்பிவிட்டேன். ஒரு அங்குலக் கலவை சதுர அடிக்குக் கிட்டத்தட்ட ஐந்து கிலோ. 1,800 அடிக்கு ஒன்பது டன். அதை, கம்பி தெரிய ஆரம்பித்த ஸ்லாபின் தலையில் ஏற்ற வேண்டுமாம்.

கோட்டிங்தான் என்று முடிவானது. எங்களிடம் முன்பு வேலை பார்த்த வயதான மேஸ்திரி ஒருவர் சும்மா பார்க்க வந்தார். சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்து அதன் பிடியால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே நடந்தார். சில இடத்தில் கெட்டியாக டங் என்றது. வடகிழக்கு மூலையிலும் தண்ணீர்த் தொட்டி பக்கமும் டொக் டொக் என்று காலிப் பெட்டி மாதிரி. "மேல பூசறது அப்புறம் சார், உள்ள ஊறிக்கினு இருக்கற தண்ணி எங்க போவும்?" என்று கேட்டார். கோட்டிங்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சரி, முதல் இரண்டு வருடம் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அருமையாக இருந்தது. ஒழுகல் நின்றது. மே மாதத்தில் மாடி அறையின் சூடு கண்கூடாகக் குறைந்தது; வாடகைக்காரரே ஏசியைச் சாயங்காலம் நாலு மணிக்கு அணைக்க ஆரம்பித்தார். ஆனால் அந்த வெள்ளை எங்கள் ஊரில் வெள்ளையாக இருப்பதில்லை. உப்புக் காற்று, கன்டெய்னர் லாரிப் புகை, போதாததற்கு 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் ஓடும் வரைக்கும் மெட்ரோ வேலைத் தூசி. ஆறு மாதத்தில் சாம்பல் நிறம். வருடம் ஒருமுறை சோப்புத் தண்ணீர் விட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினால்தான் வெயிலைத் திருப்பும் குணம் ஓரளவு நிற்கிறது. கோட்டிங் போட்ட ஆள் இதைச் சொல்லவே இல்லை.

மூன்றாவது கோடையில் கொப்புளம். முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவு, பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவு. மத்தியானம் புடைத்து, விடிகாலையில் அமுங்கிவிடும். மேஸ்திரி கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். உள்ளே ஊறிய தண்ணீர் வெயிலில் ஆவியாகி மேலே வரப் பார்க்கிறது, கோட்டிங் வழி விட மறுக்கிறது, கடைசியில் கோட்டிங் தோற்கிறது. 2021 நவம்பர் 7 விடிகாலையில் நுங்கம்பாக்கத்தில் 21 சென்டிமீட்டர் பெய்த அந்த ராத்திரி, மாடியில் மூன்று இடத்தில் ஒழுகியது. கேரண்டித் தாளை எடுத்துப் படித்தேன். தேங்கும் நீரால் வரும் சேதம் சேராது, கட்டிட அசைவால் வரும் விரிசல் சேராது. வேறு என்னதான் சேரும் என்று கேட்கப் போன் செய்தால் எடுக்கவில்லை.

அப்போதுதான் 2017இலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். வடகிழக்கு மூலையில் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக வெட்டச் சொன்னேன். மழை நின்று பத்து நாள் ஆகியிருந்தது. ஓட்டை நெம்பி எடுத்தால் அடியில் ஜல்லி கறுத்து, டீயில் முக்கிய பொறை மாதிரி கையோடு வந்தது. பிழிந்தால் தண்ணீர். இந்தச் சோதனைக்கு ஒரு மேஸ்திரி, ஒரு சித்தாள், அரை நாள் கூலிதான் செலவு. எழுபத்தைந்தாயிரம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

வெட்ட மனசில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நல்ல வெயில் நாளில், பளிச்சென்ற பாலிதீன் தாளை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, தளத்தின் மேல் நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால், அல்லது அந்த இடம் மட்டும் கறுத்திருந்தால், உள்ளே ஈரம். அன்றைக்குக் கோட்டிங் டப்பாவைத் திறக்கக்கூடாது. ஒரு இடத்தில் மட்டும் ஒட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். தொட்டிப் பக்கம், கைப்பிடிச் சுவர் ஓரம், குழாய் வாய் பக்கம் எல்லாம் தனித்தனியாக.

2022 ஏப்ரலில் ஸ்லாப் வரை பெயர்த்தோம். இந்த முறை சதுர அடிக்கு 190. பெயர்த்த பிறகு தெரிந்த சங்கதிதான் பயமுறுத்தியது: இரண்டு இடத்தில் ஸ்லாபின் மேல்கம்பியே துருவேறி, ஊதிப் பருத்து, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு நின்றது. இன்னும் நாலு வருடம் வெள்ளையடித்துக்கொண்டு இருந்திருந்தால் கூரையை மாற்றும் பேச்சு போய் ஸ்லாபையே மாற்றும் பேச்சு வந்திருக்கும். கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துருத் தடுப்பு பூசி, பாலிமர் கலவையால் அடைத்தார்கள். பிறகு நேரே ஸ்லாபின் மேல் பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங், சுவரோரம் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றி. குழாய் வாய்களை அடைத்து மூன்று நாள் தண்ணீர் கட்டி வைத்தோம். கீழே வாடகைக்காரர் நிமிர்ந்து பார்த்தபடியே மூன்று நாள் வேலை செய்தார். அதற்கும் மேல் வாட்டம் பார்த்துக் கலவை, கடைசியில் வெள்ளை ஓடு.

ஆக, கோட்டிங்கை நான் கைவிடவில்லை. மேலே இருந்தது கீழே போய்விட்டது. வெயில் அதன் மேல் படாது, செருப்புக் கால் படாது, காத்தாடி பிடிக்கச் சுவரேறி வரும் பையன்கள் மாஞ்சா நூலோடு குதித்தாலும் ஒன்றும் ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இரண்டு நாள் விடாமல் ஊற்றியபோது தெருவில் முழங்கால் தண்ணீர், மாடி சீலிங்கில் ஒரு பொட்டு இல்லை.

இப்போது குடோன். 2,400 சதுர அடி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அப்பா காலத்தது. வர்தாவில் போனதற்குப் பதில் அப்போதைக்குப் புது ஷீட் செருகியிருந்தோம். மிச்சத்தில் மயிரிழை விரிசல்கள், ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் எல்லாம் துரு. 2018இல் இதற்கும் கோட்டிங் பேச்சு வந்தது. வந்தவர் ஷீட்டைப் பிரஷர் வாட்டர் அடித்து, கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டிவிட்டுப் பூசலாம் என்றார். ஆஸ்பெஸ்டாஸைச் சுரண்டினால் நார் காற்றில் பறக்கும், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோய் வரைக்கும் போகும். கீழே என் ஆட்கள் பன்னிரண்டு பேர். அந்த யோசனை அங்கேயே செத்தது என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், பேரம் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

முடிவு செய்தது ஒரு கால். அளவெடுக்க ஏறிய பையன் பலகை போடாமல் ஷீட்டில் மிதித்தான். மடார் என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால் தொடை வரைக்கும் ஒரு கால் கூரைக்குள் தொங்குகிறது. ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தான். கீழே பதினாறு அடியில் தரை. மேலே ஏற முடியாத கூரைக்குக் கோட்டிங் என்ன, பூப்போட்ட பட்டுத்துணி போர்த்தினாலும் வீண்தான்.

ஷீட்டுகளை நனைத்து, உடைக்காமல், முழுசாக இறக்க வைத்தோம். பாதிக்கு மேல் உடைந்தன. நல்லதை எடுத்துக்கொள்கிறோம் என்று இரண்டு பேர் வந்தார்கள், குடிசைக்குப் போடலாமாம். கொடுக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கழிவு அபாயக் கழிவுப் பட்டியலில் வருவது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அதற்கென்று நிலையம் இருக்கிறது. கட்டி அனுப்பினோம். செலவுதான்.

புதுக் கூரை கலர் பூச்சுள்ள கால்வல்யூம். அதாவது இரும்புத் தகட்டின் மேல் 55 சதம் அலுமினியமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் சேர்ந்த பூச்சு. கடலோரம் என்றால் அந்தப் பூச்சு சதுர மீட்டருக்கு 150 கிராமாவது இருக்கிறதா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். தகட்டின் தடிமனைப் பற்றி மட்டும் பேசி, பூச்சைப் பற்றி மூச்சு விடாத கடைக்காரர்கள் நிறைய. அப்புறம் மழைச் சத்தம். முதல் மழையில் குடோனில் போன் பேச முடியவில்லை. அடியில் ஃபாயில் ஒட்டிய ஃபோம் கொடுத்த பிறகு பரவாயில்லை.

ஒரு தப்பு அங்கேயும் நடந்தது. ஓர ஷீட்டுகளைக் கூரை மேலேயே கட்டிங் வீலால் அறுத்தார்கள். பறந்த இரும்புத் துகள் சூட்டோடு பூச்சில் ஒட்டிக்கொண்டது. முதல் மழைக்குப் பிறகு பார்த்தால், நீல ஷீட்டில் மிளகாய்த்தூள் தூவின மாதிரி செம்பொட்டுகள். துடைத்தால் பாதி போயிற்று. கீழே வைத்து அறுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் கத்திரியால்.

ஆறு வருடம் கழித்து, 2024 மே மாதம், திருகுத் தலைகளில் துரு, ரப்பர் வாஷர்கள் வெயிலில் வெடித்திருந்தன. வந்தவர் மறுபடி முழுக்க மாற்றலாம் என்றார். இந்த முறை நான் மேலே ஏறிப் பார்த்தேன். தகடு நன்றாக இருந்தது, தட்டினால் எங்கும் ஓட்டை விழவில்லை, பர்லினும் சுத்தம். திருகுகளை மட்டும் ஒரு சைஸ் பெரியதாக, தடித்த பூச்சுள்ளதாக மாற்றினோம். ஸ்டெயின்லெஸ் போட்டுவிடலாமே என்று கேட்டதற்கு ஷீட் கடைக்காரர் வேண்டாம் என்றார்: உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு இருந்தால் திருகு பளபளக்கும், தகடு அரித்துப்போகும். பிறகு திருகு வரிசைக்கும் ஷீட் சேரும் இடத்துக்கும் துருத் தடுப்பு பிரைமர், வலை, அதற்கு மேல் முழுக் கூரைக்கும் வெள்ளைக் கோட்டிங். மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவில் நாலில் ஒரு பங்கு. ஒரு மழைக்காலம் முடிந்தது, இன்னும் ஒழுகவில்லை.

என் ஆடிட்டர் சொன்ன ஒன்றும் இங்கே உதவும். 2024இல் குடோனுக்குப் போட்ட கோட்டிங் மராமத்துக் கணக்கில் போய், அந்த வருடச் செலவாகவே கழிந்தது. அதற்குக் கட்டிய ஜிஎஸ்டியை வரவாகவும் எடுக்க முடிந்தது. ஷீட் மாற்றியதை முதலீடாகக் கணக்கில் ஏற்றினோம். அதற்கு ஜிஎஸ்டி வரவு கிடையாது, தேய்மானம் வருடத்துக்கு 10 சதம்தான். ஆகவே சதுர அடி விலையை மட்டும் வைத்து ஒப்பிடாமல், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போதைய தலைவலி வேறு. வாடகைக்காரர் புது ஏசி மாட்டியபோது, அவருடைய ஆள் யாரையும் கேட்காமல் என் வெள்ளை ஓட்டில் நாலு துளை போட்டு வெளியூனிட்டை முடுக்கிவிட்டுப் போய்விட்டார். துளை பியூ கோட்டிங் வரை போயிற்றா என்று தெரியவில்லை. சீலிங்கில் அந்த இடத்தை மாதம் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்கிறேன், இதுவரை காய்ந்துதான் இருக்கிறது. போன வாரம் அவரே வந்து சோலார் பேனல் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். துளையே போடாமல் கான்கிரீட் கட்டை மேல் நிறுத்த முடியுமா, எத்தனை கிலோ வரும் என்று உங்கள் ஆளை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள் சார் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை.