மூன்றரை வருடம் பாவித்த மஞ்சள் பிஎச் மீற்றர்: கறிமிளகாய்க் கன்றும் நானும் பட்ட பாடு

போன கிழமை கிண்ணியாவில் இருந்து நண்பன் அழைத்தான். "மச்சான், உன்ட அந்த மஞ்சள் பேனா மீற்றர் விலை இறங்கியிருக்கு. எடுக்கவா?" எடு என்று சொல்ல வாய் வரவில்லை. எடுக்காதே என்று சொல்லவும் மனம் இடம் கொடுக்கவில்லை. இரவைக்கு எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அப்படி எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது. வீட்டுக்குள் பசளைக் கரைசலில் கன்று வளர்க்கும் வேறு ஆட்களுக்கும் உதவும் என்பதால் இங்கே போடுகிறேன்.

என் வீடு திருகோணமலைப் பட்டினத்துக்குள், கோட்டைக்கு நடந்துபோகிற தூரத்தில். இந்தப் பக்கம் முற்றத்தில் பயிர் வைத்தவர்களுக்குத் தெரியும், இரவில் மான் வந்து போனால் காலையில் தண்டு மட்டும்தான் மிச்சம். 2022 இல் மரக்கறி விலை ஏறிய நாட்களில் பின்னறையைத் துப்புரவாக்கி, 12 தும்புத்தூள் பைகள், இரண்டு எல்ஈடி விளக்கு, தண்ணீரில் கரைத்து விடுகிற அல்பேட் பசளை என்று ஆரம்பித்தேன். கறிமிளகாய், தக்காளி, கொஞ்சம் சலாது. அந்தக் கிழமையே வாங்கியதுதான் இந்த மீற்றர். கரைசலின் பிஎச்சை, அதாவது அது எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதை இலக்கமாகக் காட்டும்; 7 நடு, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தது இதுதான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளைக் கல் மாதிரிப் படிகிற தண்ணீர். ஆரம்பத்தில் பிஎச் கூடினால் தேசிக்காய்ப் புளி விட்டுக் குறைத்தேன். மாலையில் பார்த்தால் 5.9. அடுத்த நாள் காலையில் 6.8. அதற்கு அடுத்த நாள் 7க்கு மேல். நான்தான் பிழையாக அளக்கிறேன் என்று நினைத்தேன். பிழை அளவையில் இல்லை. கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கிற பைகாபனேற்று என்ற காரப் பொருள், விடுகிற அமிலத்தை விழுங்கிவிடும். அது முழுதாகத் தீரும்வரை பிஎச் திரும்பத் திரும்ப ஏறும். போதாக்குறைக்கு, தேசிக்காயின் சித்திரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்று முடித்துவிடும். கன்று பசளையில் இருக்கிற நைத்திரேற்றை (நைத்திரசன் உள்ள உப்பு) உறிஞ்சும்போதும் வேரடியில் பிஎச் மேலேதான் போகும். இதையெல்லாம் புத்தகத்தில் வாசித்திருந்தால் மறந்திருப்பேன். காலையும் மாலையும் அந்தச் சின்னத் திரையில் இலக்கம் ஏறுவதைப் பார்த்ததால் மனதில் நின்றுவிட்டது. ஒரு சதமும் வீணில்லை என்று அந்த மாதங்களில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

சரி, இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

போன ஆவணி, கச்சான் காற்று அனலாக அடிக்கிற நேரம். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்ததால் கிணற்றுக்கு மாறியிருந்தேன். பத்து நாளில் கறிமிளகாயின் குருத்து இலைகள் மஞ்சளாகின. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் எலுமிச்சை நிறம். அடியிலைகள் கரும்பச்சையாக அப்படியே நின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முக்கியம். இதே கோலம் அடியிலையில் தொடங்கினால் மக்னீசியம் குறைவு, ஏனென்றால் கன்று அதைப் பழைய இலையில் இருந்து பிடுங்கிக் குருத்துக்கு அனுப்பும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது, அதனால் குருத்துத்தான் முதலில் வெளிறும். நைத்திரசன் குறைந்தால் அடியிலை நரம்போடு சேர்ந்து முழுக்க மஞ்சளாகும். பொட்டாசியம் என்றால் பழைய இலையின் ஓரம் கருகும். ஆக, எனக்கு வந்தது இரும்புக் குறை. அதில் நான் பிழைவிடவில்லை.

பிழை அடுத்த படியில். இரும்புக் குறை தெரிந்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: கரைசலில் இரும்பு இல்லையா, அல்லது இருந்தும் வேருக்கு எட்டவில்லையா? பிஎச் 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால் முதலாவது. 7ஐத் தாண்டியிருந்தால் இரண்டாவது. மீற்றரைப் போட்டேன். 6.1 என்றது. ஆடாமல் அசையாமல் 6.1. நம்பினேன். இரும்புச் சத்து வாங்கி வந்து பத்து நாளில் மூன்று தடவை ஊற்றினேன். குருத்து இன்னும் வெளிறியது, கரைசலில் உப்புக் கூடி இலை நுனிகள் கருகின, பூவெல்லாம் கொட்டியது. காலையில் நிலத்தில் கிடந்த அந்த வெள்ளைப் பூக்களைக் கூட்டி அள்ளும்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவர். பார்க்க வந்தவர் மீற்றரின் மூடியைக் கழற்றி விளக்குக்குக் கிட்டப் பிடித்தார். "தம்பி, இந்தக் குமிழ் காய்ஞ்செல்லோ கிடக்கு" என்றார். மீற்றரின் நுனியில் இருக்கிற, பிஎச்சை உணருகிற சின்னக் கண்ணாடிக் குமிழ் அது. அதைச் சுற்றி மா தூவியது மாதிரி வெள்ளை உப்புப் படை. மூடிக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மீன்தொட்டிக் கடையில் விற்கிற, நிறம் மாறிப் பிஎச்சைக் காட்டுகிற துளி மருந்து என்னிடம் இருந்தது. ஐந்து மில்லிலீற்றர் கரைசலில் மூன்று துளி விட்டார். மஞ்சளாக நின்றால் 6க்குக் கிட்ட. எங்கள் கண் முன்னால் அது நீலமாகிவிட்டது. ஏழரைக்குக் கிட்ட! மீற்றர் அப்போதும் 6.1தான் காட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரைக்குக் கிட்டத்தானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. பிஎச்சில் ஒரு புள்ளி பத்து மடங்கு. இந்த இடைவெளி இருபது மடங்குக்கு மேல். நான் ஊற்றியது ஈடிடிஏ வகை இரும்பு; ஈடிடிஏ என்பது இரும்பைக் கரைசலில் பிடித்து வைத்திருக்கிற ஒரு சேர்வை. அது 6.5க்கு மேல் பலவீனமாகி, 7ஐத் தாண்டியதும் இரும்பைக் கைவிட்டுவிடும். ஊற்றிய அவ்வளவும் பைக்குள் துருவாகக் கிடந்திருக்கிறது.

குமிழ் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். அதுவும் வெறும் தண்ணீரில் இல்லை. பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில், 100 மில்லிலீற்றருக்கு 22 கிராம் அளவில். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டால் உள்ளே இருக்கிற உப்பு வெளியே கசிந்து மீற்றர் இன்னும் வேகமாகக் கெடும். இந்த ஒரு விசயம் பெட்டிக்குள் வந்த துண்டுக் கடதாசியில் இல்லை. பாவித்ததும் கழுவி மூடி வைக்கவும் என்று மட்டும் இருக்கிறது. நான் எழுத்துக்கு எழுத்து அதைத்தான் செய்தேன். வெப்பநிலைக்கு ஏற்ப அளவைத் தானே சரிசெய்யும் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட இடம் இருந்தவர்களுக்கு, குமிழை ஈரமாக வையுங்கள் என்று ஒரு வரி போட இடம் இல்லாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வெப்பச் சரிசெய்கை நல்லதுதான். ஆனால் காய்ந்த குமிழை அது ஒன்றும் செய்யாது.

அன்றிரவு முழுக்கக் குமிழை அந்தப் பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில் ஊறப்போட்டேன். பற்றறிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீரில் (பற்றறி அசிட் இல்லை, கவனம்) மீற்றரைச் சரிபார்க்கிற 6.86 பொடியையும் 4.01 பொடியையும் (கரைத்தால் பிஎச் அந்த இலக்கத்தில் நிற்கும்) தனித்தனியாகக் கரைத்து, முதலில் 6.86இல் திருகிச் சரிப்படுத்தினேன். பிறகு 4.01இல் போட்டேன். 4.1க்குள் வந்து அரை நிமிடத்தில் நின்றால் குமிழுக்கு உயிர் இருக்கிறது. 4.4 என்று இழுபட்டுக்கொண்டு நின்றால் அதன் காலம் முடிகிறது. எனக்கு 4.2இல் நின்றது. பைகளை 5.8 கரைசலால் கழுவிவிட்டேன். இரண்டு கிழமைக்குள் வந்த குருத்து பச்சையாக இருந்தது. மஞ்சளான இலைகள் முழுதாகத் திரும்பவில்லை. மூன்று கன்று போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பொடிக் கரைசலிலும் சோதிக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் 0.1 அல்லது 0.2 விலகித்தான் இருக்கிறது. குமிழை மட்டும் மாற்ற வழியில்லை; அது போனால் முழு மீற்றரையும் எறிய வேண்டும். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டுகிறது, முதலாவது இலக்கத்துக்கே நான் ஒவ்வொரு கிழமையும் காவல் இருக்கிறேன்.

ஆகவே மச்சான், விலை இறங்கியிருந்தாலும் இப்போதைக்கு எடுக்காதே. அந்தக் காசில் துளி மருந்து ஒரு போத்தல் எடு. இலையைப் பார், துளியைப் பார். 6க்குக் கீழே அந்த மருந்தால் பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் நம்முடைய கிணறுகளில் பிரச்சினை எப்போதும் மேலேதான்.

நான் என்ன செய்வேன் என்று கேட்பாய். இந்த மீற்றர் நின்றுபோனால் இதே மஞ்சளைத்தான் மறுபடி வாங்குவேன். காலையில் எழும்பி அந்த இலக்கத்தைப் பார்க்காமல் எனக்குத் தேத்தண்ணி இறங்காது. சனிக்கிழமை வரும்போது உன் கிணற்றுத் தண்ணீரில் ஒரு லீற்றர் போத்தலில் கொண்டு வா, வாய்வரை நிரப்பி இறுக்கி மூடு. துளியையும் மீற்றரையும் பக்கத்தில் வைத்து இரண்டு பேருமாகப் பார்ப்போம்.