கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்: மாடில பந்து இருக்கு, கீழ ஆளு இல்ல

முதல்லயே சொல்லிடுறேன், பேஸ்பாலோட பெரிய ஆளுங்கள தேர்ந்தெடுத்து கௌரவிக்கற இந்த மியூசியத்துக்கு, பேஸ்பால் தெரியாதவங்கள கூட்டிட்டு போனா ஒரு மணி நேரத்துல மூஞ்ச தூக்கி வச்சுக்குவாங்க, தெரிஞ்சவங்கள கூட்டிட்டு போனா மூடுற நேரம் வரைக்கும் வெளிய வர மாட்டாங்க. நியூயார்க் ஸ்டேட்ல ரெண்டாயிரம் பேர் கூட இல்லாத குட்டி ஊரு கூப்பர்ஸ்டவுன், ஊருக்குள்ள ட்ரெயின் கிடையாது, நியூயார்க் சிட்டிலேர்ந்து கார்ல நாலு மணி நேரத்துக்கு மேலயே ஆகும். இந்த மூலைல ஏன் கட்டினாங்கன்னா, 1839ல ஆப்னர் டபுள்டேனு ஒருத்தர் இங்கதான் பேஸ்பால கண்டுபிடிச்சாருன்னு ஒரு கதை, அந்த மனுஷன் அப்போ வெஸ்ட் பாயிண்ட்ல மிலிட்டரி படிப்பு படிச்சிட்டு இருந்தாராம், ஆக கதை புளுகு, ஆனா 1939ல தொறந்த மியூசியம் நிஜம்.

மூணு ஃப்ளோர் இருக்கு. பழைய ஸ்டார் பேப் ரூத்தோட சாமான், கறுப்பின ஆட்டக்காரங்கள பெரிய லீக்ல சேக்காத காலத்துல அவங்க தனியா ஆடின நீக்ரோ லீக்ஸ் பத்தின பகுதி, பெண்கள் ஆடின பேஸ்பால் எல்லாம் நிதானமா பாருங்க, நல்லா வச்சிருக்காங்க. டெட் வில்லியம்ஸ்ங்கற ஆட்டக்காரர் 1966ல தன்னை இங்க சேத்துக்கிட்ட விழாவுலயே, நீக்ரோ லீக்ஸ் ஆட்டக்காரங்களுக்கும் இங்க இடம் வேணும்னு பேசிட்டு போனாரு, அப்படியும் அந்த லீக்ஸ்ல பேர் வாங்கின சாட்செல் பேஜ் உள்ள வர 1971 ஆயிடுச்சு.

ஆனா நான் எழுத வந்தது கீழ இருக்கற பிளேக் கேலரி பத்தி, தேர்வான ஒவ்வொருத்தருக்கும் மாட்டற பலகைதான் பிளேக். வெண்கலத்துல முகம், தொப்பி, கீழ நாலு வரி, அவ்ளோதான். 1936ல முதல்ல தேர்வான காப், ரூத், வாக்னர், மாத்யூசன், ஜான்சன்லேர்ந்து எல்லாரும் இருக்காங்க. அமைதியா கோயில் மாதிரி இருக்கும்னு நினைச்சுட்டு போகாதீங்க, பட்டிமன்றம்தான் நடக்குது, என்ன ஒண்ணு நடுவர் நானூறு பேர், எல்லாரும் வீட்ல உக்காந்து ஏற்கனவே தீர்ப்பு எழுதி அனுப்பிட்டாங்க. பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்துல பத்து வருஷம் மெம்பரா இருக்கறவங்களுக்குத்தான் ஓட்டு, ஒருத்தர் அதிகபட்சம் பத்து பேருக்கு போடலாம், 75 சதவீதம் வந்தா உள்ள, 5 சதவீதத்துக்கு கீழ போனா லிஸ்ட்லேர்ந்தே காலி.

அந்த 5 சதவீத ரூல்தான் எனக்கு வயித்தெரிச்சல். ஆலன் டிராமெல் பிளேக் முன்னாடி டெட்ராய்ட் டைகர்ஸ் ஜெர்சி போட்ட ஒரு பெரியவர், கூட வந்தவர்கிட்ட லூ விட்டேக்கர் எங்கடான்னு சத்தமா கேட்டுட்டு இருந்தாரு, நியாயமான கேள்வி. ரெண்டு பேரும் டைகர்ஸுக்கு 19 சீசன் ஒண்ணா ஆடினவங்க, பக்கத்து பக்கத்துல நின்னு ஃபீல்டிங் பண்ற ஷார்ட்ஸ்டாப் ஒருத்தர் செகண்ட் பேஸ் ஒருத்தர், விட்டேக்கருக்கு 2001ல கிடைச்சது 2.9 சதவீதம், ஒரே வருஷத்துல முடிஞ்சுது. இன்னொரு பக்கம் ஹாரல்ட் பெய்ன்ஸ், எழுத்தாளர்கள் ஓட்டுல 6.1 சதவீதத்த தாண்டவே இல்ல, ஆனா 2018ல, எழுத்தாளர்கள் விட்டவங்கள திரும்ப பாக்கற 16 பேர் கமிட்டி 12 ஓட்டு போட்டு உள்ள அனுப்பிச்சு, அந்த கமிட்டில அவரோட பழைய மேனேஜர் லா ருசாவும் அவர் ஆடின வைட் சாக்ஸ் டீமோட ஓனர் ரைன்ஸ்டார்ஃபும் இருந்தாங்க. பெய்ன்ஸ் மோசமான ஆட்டக்காரர்னு சொல்லல, 2866 ஹிட் சும்மா வராது, ஆனா அவருக்கு இடம் இருக்குன்னா விட்டேக்கருக்கு கண்டிப்பா இருக்கணும்.

சரி, பெரிய சண்டைக்கு வருவோம், ஸ்டீராய்டு சந்தேகத்துல மாட்டினவங்க. பாரி பாண்ட்ஸ் ஹாங்க் ஆரனோட ஹோம் ரன் ரெக்கார்ட முறிச்ச 756வது ஹோம் ரன் பந்து இந்த மியூசியத்துகிட்டதான் இருக்கு, மார்க் எக்கோன்னு ஒரு டிசைனர் ஏழரை லட்சம் டாலருக்கு ஏலத்துல எடுத்து, என்ன பண்ணலாம்னு ஆன்லைன்ல ஓட்டு விட்டு, ஜனங்க சொன்னபடி ரெக்கார்டு மேல சந்தேகம்னு காட்ட நட்சத்திரக் குறி குத்தி 2008ல குடுத்தாரு. பந்து உள்ள, அடிச்சவர் பிளேக் இல்ல. 762 ஹோம் ரன், சீசனோட சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது ஏழு, 2022ல எழுத்தாளர்கள் ஓட்டுல கடைசி வாய்ப்புல 66 சதவீதத்தோட நின்னுட்டாரு, சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருத ஏழு தடவ வாங்கின ரோஜர் கிளெமென்ஸும் 65.2ல நின்னாரு. அதே வருஷம் கமிட்டிலயும் ரெண்டு பேருக்கும் நாலு ஓட்டு கூட தேறல.

ஸ்டீராய்டு தப்புதான், யாரும் இல்லங்கல. ஆனா அந்த காலம் முழுக்க லீக்கோட தலைவரா, அதாவது கமிஷனரா இருந்து வேடிக்கை பாத்த பட் சீலிக்குக்கு 2017லயே பிளேக் மாட்டிட்டாங்களே! அதனால என் கட்சி, பாண்ட்ஸ், கிளெமென்ஸ் ரெண்டு பேரையும் உள்ள விட்டுட்டு, சந்தேகத்தையும் அதே வெண்கலத்துல ஒரு வரி எழுதிடுங்க, வர்றவங்க படிச்சு முடிவு பண்ணிக்கட்டும்.

பீட் ரோஸ் விஷயத்துல மட்டும் எனக்கு மனசு இரங்கல. 4256 ஹிட், அத யாரும் தொடல, ஆனா மேனேஜரா இருந்துகிட்டு சொந்த டீம் மேலயே பெட் கட்டி ஆயுள் தடை வாங்கினவரு, ஊக்க மருந்துக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு, ஒருத்தர் ஜெயிக்க ஏமாத்துறாரு, இன்னொருத்தர் ஆட்டத்தையே சந்தேகப்பட வைக்கிறாரு. 2024ல அவர் இறந்தப்புறம் 2025 மே மாசம் கமிஷனர் மான்ஃப்ரெட் தடைய எடுத்துட்டாரு, சூதாட்ட விவகாரத்துல தடையான பழைய ஆட்டக்காரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சனுக்கும் சேத்து, இனிமே கமிட்டி பேசலாம். பாருங்க, நான் இத எழுதினதுக்கே ரோஸ் ஆடின ஊரான சின்சினாட்டிக்காரங்க சண்டைக்கு வருவாங்க.

மியூசியத்துக்கு என் மார்க் 5க்கு 4. ஒரு மார்க் குறைச்சது எதுக்குன்னா, ஓட்டு எப்படி நடக்குது, யாரு எவ்ளோ சதவீதத்துல தோத்தாங்கன்னு கேலரி பக்கத்துலயே பெருசா ஒரு சுவர் வச்சிருக்கலாம், கூட்டம் அங்கதான் நிக்கும். ஜூலை கடைசில நடக்கற விழாவுக்கு புல்வெளில உக்கார டிக்கெட் வேணாம், ஆனா அந்த வாரம் ரூமும் பார்க்கிங்கும் கிடைக்கறது குதிரைக்கொம்பு. சும்மா சுத்தி பாக்கத்தான்னா செப்டம்பர்ல ஒரு வீக்டேல போங்க.