லீயா, கிராண்டா: களத்தில் யார் கை ஓங்கியது?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கின் தளபதி லீ, வடக்கின் தளபதி கிராண்ட். லீயின் பலம் துணிச்சல். 1863 மே, சான்சலர்ஸ்வில்: எதிரில் சுமார் 1,30,000 பேர், தன்னிடம் ஏறத்தாழ 60,000. ஆனாலும் படையைப் பிரித்தார். தன் துணைத் தளபதி ஜாக்சனைச் சுமார் 19 கிலோமீட்டர் காட்டுவழியே சுற்றி அனுப்பி, எதிரியின் வலப்புறத்தைத் தகர்த்தார். விலை? இறந்தோர், காயமுற்றோர், காணாமல் போனோர் எனச் சுமார் 13,000 பேர். அந்தியிருளில் சொந்த வீரர்களே சுட்டுக் காயப்பட்ட ஜாக்சன், சில நாளில் இறந்தார். ஈடுகட்ட தெற்கிடம் ஆளில்லை.

கிராண்ட் குறிவைத்தது வழங்கல் பாதையை. அதே 1863-இல், மிசிசிப்பி ஆற்றங்கரையில் தெற்கின் கோட்டை நகரான விக்ஸ்பர்க்கின் பீரங்கிகளைத் தாண்டி இரவில் கப்பல்களை ஓட்டி, நகருக்குத் தெற்கே மிசிசிப்பியைக் கடந்தார். முதலில் கிழக்கே ஜாக்சன் நகரின் ரயில் தொடர்பை அறுத்தார். மே 19, 22 நேரடித் தாக்குதல்கள் தோற்றதும் முற்றுகைக்கு மாறினார். ஜூலை 4 அன்று சுமார் 29,000 பேர் சரணடைந்தனர்.

ஒற்றைச் சமருக்கு லீ. போர் முழுவதற்கும் என் ஓட்டு கிராண்டுக்கே, 1864-இல் கோல்ட் ஹார்பரில் லீயிடம் பெருஞ்சேதத்துடன் தோற்ற சறுக்கலையும் சேர்த்தே.