குவேக் 3 அரீனாவா, அன்ரியல் டோர்னமென்ட்டா?

இரண்டும் 1999 கடைசியில், சில நாள் இடைவெளியில் வந்த கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள். எது பெரிசு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

குவேக் 3 வேகத்துக்குப் பிறந்தது. ஓடும்போது சாய்ந்து சாய்ந்து குதித்தால் வேகம் கூடிக்கொண்டே போகும்; காலடியில் ராக்கெட் விட்டு மேல்தளத்துக்குத் தாவலாம். ஆனால் ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் ஜெயிப்பது குறியால் மட்டுமல்ல, மனக்கணக்காலும்தான். கவசம் எடுத்த 25 நொடியில் மீண்டும் முளைக்கும், உயிர்பலத்தை ஏற்றும் மெகா ஹெல்த் 35 நொடியில். எதிராளிக்கு முன்னால் அங்கே போய் நிற்பவன்தான் ராஜா. கத்துக்குட்டிக்கு இது கொடுமை, ஒத்துக்கொள்கிறேன்.

அன்ரியல் கொஞ்சம் தாராளம். ஏறக்குறைய எல்லா ஆயுதத்துக்கும் இரண்டாவது சுடும் முறை உண்டு. ஷாக் ரைஃபிளில் ஊதா உருண்டையை மெதுவாக மிதக்கவிட்டு, அதையே கதிரால் அடித்தால் சுற்றி நிற்பவர்கள் காலி. கொடி பிடிக்கும் ஆட்டத்தில் ஃபேசிங் வேர்ல்ட்ஸ் என்ற களத்தின் இரட்டைக் கோபுரங்களை யார் மறப்பார்? பாட்களும் (கணினியே இயக்கும் ஆட்டக்காரர்கள்) கெட்டிக்காரர்கள், இணைய வசதி இல்லாதவருக்கு அதுவே போதும். 3டி கார்டு (முப்பரிமாணக் காட்சிக்கான தனி வன்பொருள்) இல்லாத கணினியிலும் ஓடியது. குவேக் 3-க்கு கார்டு கட்டாயம்.

இன்று? குவேக் 3-இன் மூலநிரல் 2005-லேயே வெளியானது. அன்ரியலை 2022 இறுதியில் எபிக் நிறுவனம் விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டது. நண்பர்கள் கூட்டம் என்றால் அன்ரியல். ஒருவனோடு மட்டும் மோத வேண்டுமா, என் ஓட்டு குவேக்குக்கு.