மலையிறங்கி சிகிச்சைக்குப் போகிறவர்களே, மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள்

முந்தாநாள்தான் வேலூரிலிருந்து திரும்பினோம். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வேலூர் மேல் இல்லை, அதற்கு முன்பு அப்பாவைக் காட்டிய தனியார் மருத்துவமனை மேல். 1,85,000 ரூபாய். கோத்தகிரி பக்கம் எங்களுக்கு இருக்கும் ஒரு ஏக்கர் தேயிலையில் வந்த காசும் அம்மாவின் வளையலும் சேர்ந்த பணம் அது.

அப்பாவுக்கு ஆறு மாதமாக இடுப்பு வலி. கொழுந்து மூட்டை தூக்கியதால் வந்தது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் வெறும் 7, சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. மைலோமா என்றார்கள். எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோய்.

மலையடிவாரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. வாசலிலேயே 'ரத்தப் புற்றுநோய் சிறப்பு மையம்' என்று பலகை. கவுன்சிலிங் அறையில் இருந்தவர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஐயா, நீங்க எங்கப்பா மாதிரி. இந்த இடுப்போட வேலூர், சென்னைன்னு ஏன் அலையணும்? 16 ஊசியும் இங்கயே, ஒரே பேக்கேஜ்" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் நான் எதையும் கேட்கவில்லை. அன்றைக்கே 1,85,000 ரூபாயையும் கட்டிவிட்டேன்.

போட்டது நான்கே ஊசி. ரத்த மருத்துவர் மாதம் ஒருமுறைதான் வருவார் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றது தெரியாமல் அப்பா வெறுங்காலோடு நடந்து வந்தார். சொன்னால், "வயசானா அப்படித்தான்" என்றார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவர் முதலில் கேட்டதே பாதத்தைப் பற்றித்தான். அந்த ஊசி நரம்பைப் பாதிக்குமாம், உடனே அளவைக் குறைக்க வேண்டுமாம். மஜ்ஜையில் மரபணுப் பரிசோதனை எங்கே என்று கேட்டார். மருந்து தொடங்கும் முன்பே செய்திருக்க வேண்டியது அது. செய்யவே இல்லை. அங்கே 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்கிறார்கள். முதலிலேயே போயிருக்கலாம்.

மீதிப் பணம் கேட்டால், "பில்லிங்ல கேளுங்க." பில்லிங்கில், "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்." மேனேஜர், "மருந்து ஆர்டர் போட்டாச்சு, ரிட்டர்ன் கிடையாது." கையைப் பிடித்தவர் இப்போது போனையே எடுப்பதில்லை. 1,85,000 ரூபாய்க்கு ஒழுங்கான ரசீதுகூட இல்லை.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். வருஷத்துக்கு எத்தனை மைலோமா நோயாளிகளைப் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். ரத்த மருத்துவர் தினமும் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஊசிக்கு ஊசி பணம் கட்டுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று விசாரியுங்கள். மஜ்ஜை ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் (பரிசோதனைக்கு எடுத்த மஜ்ஜையை மெழுகில் பதித்து வைத்திருப்பது) கையோடு வாங்கிவிடுங்கள்.

அப்பாவின் மெழுகுக் கட்டி இன்னும் அந்தத் தனியார் மருத்துவமனையில்தான் இருக்கிறது. வேலூரில் கேட்கிறார்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன்.